கேள்வி ஏழு: உறவினர் எத்தனை பேர்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மற்ற பதினேழு படிவங்களோடு சேர்ந்து என் மேசைக்கு வந்தது.

நியூ மெக்சிகோவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர்கள் நிரப்பித் தரும் படிவங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பன்னிரண்டு பக்கம், நாற்பது கேள்வி. அதில் ஏழாவது: "உங்கள் ஆய்வில் பங்குபெறுவோரில் உறவினர் எவரேனும் உண்டா? எத்தனை பேர்?" இத்தனை வருஷத்தில் அதற்கு எல்லோரும் எழுதிய பதில் "இல்லை". நானும் அந்த வரியைப் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி கைலீன் அட்டகாய் அங்கே "அனைவரும்" என்று எழுதியிருந்தாள். பட்டியல் இணைப்பு.

பட்டியலைப் பிரித்தேன். நாற்பத்து மூன்று வீடுகள். வீட்டுக்கு ஒரு உறவு. தாய்மார் ஒன்பது பேர். அண்ணன் தம்பிகள் பன்னிரண்டு. தாத்தாக்கள் ஆறு. மச்சான்கள் எட்டு. பேரன்கள் ஐந்து. மகள்கள் மூன்று, அதில் ஒருத்திக்கு வயது எழுபது. கைலீனுக்கு இருபத்தாறு.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தேன். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

[இல்லை. அங்கே ஆரம்பித்தால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. வேறு தொடக்கம் பார்க்கிறேன்.]

2

தொடக்கம் அ: "செம்பாறைகளின் மேல் சூரியன் எழுந்தபோது கைலீன் தன் மூதாதையரின் மண்ணை—" வேண்டாம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் ஆ: "குழாய்த் தண்ணீர்கூட இல்லாத வீட்டில் பிறந்த அந்தச் சிறுமி—" இதுவும் பொய். அவள் வீட்டில் குழாய் இருந்தது, டிவி இருந்தது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த ஒரு கண்டிப்பான அம்மாவும் இருந்தாள். இல்லாத வீடுகளும் அங்கே உண்டு. அவளுடையது அது இல்லை. நம் வசதிக்காக ஒருத்தியை ஏழையாக்கக் கூடாது.

தொடக்கம் இ: "வகுப்பில் நூற்று மூன்று பேர். நவஹோ பழங்குடிப் பெண் அவள் ஒருத்தி." இது உண்மை. ஆனால் அவள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. எண்ணிப் பார்த்தவள் நான்தான்.

மதுரையில் பத்திரிகை நடத்தும் என் தோழியிடம் போனில் கதையைச் சொன்னேன். "எல்லாம் சரி. பொண்ணு ஒரு இடத்துலயாவது அழணும்ல?" என்றாள்.

"அவ அழல."

"நீ அழ வச்சிரு. கதைதானே?"

நான் வைக்கவில்லை. அதனால் கைலீன் கொஞ்சம் அதிகமாகத் தைரியசாலியாகத் தெரிவாள். நம்ப முடியவில்லை என்றால் என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள்.

சரி. பட்டியல் எப்படி வந்தது என்பதிலிருந்து போகலாம்.

3

அரிசோனா பக்கம், லுக்காச்சுகாயில் ஊர் மன்றக் கட்டிடம். பிப்ரவரி. நடுவில் இரும்பு அடுப்பு, அதற்குள் நிலக்கரி, சுற்றிலும் மடக்கு நாற்காலி. ஆட்டுக்கறிச் சூப்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் ஒரு மேசையில். நவஹோ நாட்டில் யார் வந்து எதை ஆராய்ந்தாலும் முதலில் ஊர் கை தூக்க வேண்டும். கைலீன் அதற்காகத்தான் நின்றாள்.

அவள் கொண்டுவந்த கேள்வி எளிது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நிலக்கரி எரிகிறது. குழந்தைகள் இருமுகின்றன. எவ்வளவு புகை, எந்த நேரத்தில், எந்த அடுப்பில் என்று யாரும் வீடு வீடாக அளந்ததில்லை. உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினால் அது அளக்கும்.

பேசுவதற்கு முன் வழக்கப்படி தன்னைச் சொன்னாள். அம்மா குலம், அப்பா குலம், அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம். நாலும் சொல்லி முடிப்பதற்குள் சபையில் முணுமுணுப்பு. ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். பின் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "அப்ப நீ எனக்கு அம்மா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சிரிப்பு ராண்டல் எழுந்தபோதுதான் வந்தது. ராண்டல் அவளுக்கு முறைக்கு மச்சான். அங்கேயும் மச்சானுக்குக் கேலி பேசும் உரிமை உண்டு. நமக்கு அதைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை.

"டாக்டரம்மா, எங்க வீட்டுப் புகைய அளக்குறது இருக்கட்டும். மொதல்ல வெளிய நிக்குதே உன் வண்டி, அது விடுற புகைய அளந்தியா?"

"அதுக்கு மெஷின் பத்தாது மச்சான்" என்றாள் கைலீன். "உன் வீட்டுக்கு மெஷினே வேணாம். நீ போட்டிருக்கிற சட்டையக் கழட்டி மாட்டு, எவ்வளவு புகைன்னு அதுவே சொல்லிரும்."

சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. சூப்பு ஊற்றிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் பெயர் டெல்லா, கைலீனின் சொந்தச் சின்னம்மா.* சிரித்து முடித்து, "மொத பொட்டிய என் வீட்டுல மாட்டு புள்ள" என்றாள்.

இருபத்தொன்பது கை தூக்கியது, எதிர்ப்பு இல்லை. நிபந்தனை ஒன்று: என்ன தெரிந்தாலும் ஊருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

(* மொழிபெயர்த்து நானாகச் சேர்த்த சொல் இல்லை. தாயின் தங்கையை அவர்கள் கூப்பிடும் சொல்லுக்கே 'சின்ன அம்மா' என்றுதான் பொருள்.)

4

இப்போது அந்தப் போன்.

"கைலீன், ஏழாவது கேள்வியில ஏதோ தப்பு இருக்கும்மா."

"இல்லையே மேடம். ரெண்டு தடவ எண்ணினேன்."

"கேக்கிறது ரத்த உறவ. 'இல்லை'ன்னு போட்டுடு, வேலை முடிஞ்சுது. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"ரத்தம்னு அதுல எழுதல. உறவினர்னு எழுதியிருக்கு. சபையில எழுந்து நின்னு 'நீ எனக்கு அம்மா'ன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. நான் ஆமான்னு சொல்லியிருக்கேன். இப்ப உங்க பேப்பர்ல இல்லன்னு எழுதணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. நல்லது சொன்னால் கேட்கிறதா பார் என்று வந்த கோபம். உள்ளபடியே அனுப்பினேன். நான் நினைத்ததுதான் நடந்தது, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

இங்கே எது பணயம் என்று சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் வருஷத்துக்கு நாலு பேருக்கு மட்டும் 'ஆய்வு ஆண்டு' கிடைக்கும். படிப்பின் நடுவே ஒரு வருஷம் ஆராய்ச்சி மட்டும் செய்யலாம். பிற்காலத்தில் ஆய்வாளராகப் போகிறவர்கள் அநேகமாக அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். கைலீன் ஏழு வயதிலிருந்து ஏன், ஏன் என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியவள். அவளுக்கு அந்த வருஷம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

குழுத் தலைவர் டாக்டர் ஹோல்ம்கிரன். நல்ல மனிதர். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"கைலீன், நீ சேரும்போது எழுதின கடிதம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஊருக்குத் திரும்பிப் போய் வைத்தியம் பாப்பேன்னு எழுதியிருந்த. அருமையான கடிதம். உங்க மக்களுக்கு டாக்டர்தான் வேணும். கட்டுரை எழுத எங்ககிட்ட ஆள் இருக்கு."

"திரும்பிப் போறேன்னுதான் எழுதினேன் சார். கேள்வி கேக்க மாட்டேன்னு எழுதல."

"நாப்பத்து மூணு வீடும் உறவுன்னா நடுநிலை எப்படி இருக்கும்?"

"தெரியாதவங்க வீட்டுல தப்பா அளந்தா ஒரு கட்டுரை போகும். எங்க வீட்டுல தப்பா அளந்தா, அடுத்த கல்யாணத்துல அவங்க எதிர்ல உக்காந்து நான் சாப்பிடணும். யாரு ஒழுங்கா அளப்பா?"

[இந்த வசனம் நான் எழுதியது என்று சந்தேகப்படுவீர்கள். கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். தட்டச்சு செய்யும்போது என் கோபம் போய்விட்டது.]

குழு ஒரு வழி சொன்னது. முதலில் ஐந்து வீடு. இரண்டு வாரம் அளக்க வேண்டும். பெட்டிகளைச் சாட்சியின் முன்னால் திறக்க வேண்டும். ஐந்து வீட்டுக் கணக்கும், உறவில்லாத ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் மார்ச் கடைசி வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் வந்தால் ஆய்வு ஆண்டு அவளுக்கு. ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவருக்குப் போகும்.

சாட்சி யார்? வேறு யார், நான்தான்.

5

நாலு வீட்டில் சிக்கல் இல்லை. ஐந்தாவது, டெல்லா வீடு.

பெட்டியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. புகை குறைவென்றால் பச்சை, கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. டெல்லா வீட்டில் மூன்றாம் நாளிலிருந்து சிவப்பு அணையவே இல்லை.

அந்த வீட்டில் ஜெய்லின் என்று ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். டெல்லாவின் இறந்துபோன இன்னொரு அக்காளின் மகள். அவர்கள் முறைப்படி டெல்லாவே அவளுக்கு அம்மா, அதற்குத் தாள் எதுவும் வேண்டாம். சட்டத்துக்குத் தாள் வேண்டும்; அது கோர்ட்டில் இருக்கிறது. 'குழந்தை வளர ஏற்ற வீடுதானா' என்று விசாரணை நடக்கிறது. அந்த ஊரில் அப்படி விசாரித்துக் கொண்டுபோன பிள்ளைகளின் பேரை ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள்.

"எடுத்துரு புள்ள" என்றாள் டெல்லா. "என் வீட்ட எழுதாத."

"பேர் இருக்காது சின்னம்மா. வெறும் அஞ்சாம் நம்பர் வீடு."

"அஞ்சாம் நம்பர் எதுன்னு இந்த ஊருல நாய்க்குக்கூடத் தெரியும்."

அது உண்மை.

"விலகிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. விலகினா நாலு வீடுன்னு எழுதுவேன். அஞ்சுன்னு எழுதிட்டுக் கணக்க மாத்த மாட்டேன்."

"நாலுன்னா உனக்கு அந்த வருஷம் கெடைக்குமா?"

கைலீன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டெல்லா வாசல் வரைகூட வரவில்லை. இருவருக்கும் அப்படிப் பழக்கமில்லை.

6

அந்த வாரம்தான் நான் இதை எழுத ஆரம்பித்தேன். கைலீன் புதன்கிழமைகளில் என் அறைக்கு வருவாள். படிவ வேலை பாதி, என் எலுமிச்சம் சாதம் பாதி. முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன்.

முடிவு அ: கைலீன் கணக்கைக் கொடுக்கிறாள். ஆய்வு ஆண்டு கிடைக்கிறது. ஏப்ரலில் ஒரு வெள்ளை நிற வண்டி டெல்லா வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஜெய்லினை—

"நிறுத்துங்க." ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். இதுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "அத வெட்டுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி. நடக்காதத வாயால சொல்லக் கூடாது மேடம். சொன்னா கேட்டுட்டு வந்து நிக்கும்."

படித்த பெண், நாளைய ஆய்வாளர், இப்படிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். அச்சானியமாகப் பேசாதே, வாயைக் கழுவு என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். வெட்டினேன். மேலே கிடப்பது வெட்டியதன் மிச்சம், அதையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

முடிவு ஆ: கைலீன் சின்னம்மாவுக்காக ஆய்வு ஆண்டை விட்டுக்கொடுக்கிறாள். தியாகம். அழகான கடைசி வரிகூட வைத்திருந்தேன்.

"இது யாருக்குப் பிடிக்கும்?"

"வாசகர்களுக்கு."

"நாங்க எதையாவது விட்டுக்குடுத்தா எல்லாருக்கும் பிடிக்கும் மேடம். எனக்குப் பிடிக்கல."

முடிவு இ: கணக்கைப் பார்த்து அதிகாரிகள் மனமிரங்கி ஊருக்கெல்லாம் புது அடுப்பு—

அவள் சிரித்ததில் புரையேறிவிட்டது. "அடுப்ப யாரு வாங்கித் தருவா? நீங்களா?"

மூன்றும் போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது, என்னிடம் முடிவே இல்லை.

7

வெள்ளி, மாலை நாலு மணி. கைலீன் ஐந்து பெட்டிகளோடு வந்தாள். பின்னாலேயே டெல்லாவும் வந்தாள். நாலு மணி நேர வண்டிப் பயணம்.

டெல்லா உட்கார்ந்ததும் தன் நாலு குலங்களையும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள்.

"நான் இங்க ஆபீசர்—"

"வேலையக் கேக்கல."

"அம்மா சாத்தூர். அப்பா கோவில்பட்டி."

"ஊரக் கேக்கல. நீங்க யாரு ஆளு?"

"எங்க பக்கம் அதச் சொல்லிக்கிறது இல்ல" என்றேன். பச்சைப் பொய்.

டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவளுக்கு வாரா வாரம் சோறு போடுறியாமே?"

"ஆமா."

"அப்ப நீ எனக்கு அக்கா. இவளுக்குப் பெரியம்மா. முடிஞ்சுது."

"இதுக்கு அப்பீல் கிடையாது மேடம்" என்றாள் கைலீன்.

(எங்கள் ஊரிலும் இதே கேள்வியை இதே வார்த்தைகளில் கேட்பார்கள். பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே விடலாமா, வாசலோடு அனுப்பலாமா என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதற்காகவே விமானம் ஏறியவள் நான். நீ எனக்கு என்ன வேணும் என்று தெரிந்துகொள்ள ஒருத்தி அதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. என் தோழி கேட்ட அழுகை இதுதான், ஆள்தான் மாறிவிட்டது.)

பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் மாட்டினேன். நாலு வீடும் அனுமதித்த அளவை ஒட்டியோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோ. ஐந்தாவது ஆறு மடங்கு. திரையில் சிவப்புக் கோடு மேலே போய் அங்கேயே நின்றது.

கைலீன் இரண்டு தாளை டெல்லா முன்னால் வைத்தாள். "இது சம்மதம். இது விலகல். எதுல போட்டாலும் நீங்க எனக்குச் சின்னம்மாதான்."

டெல்லா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ சொல்லு. ஆபீசரா சொல்லாத. அந்தக் கோட்டப் பாத்துட்டு என் புள்ளையக் கொண்டு போயிருவாங்களா?"

"தெரியல தங்கச்சி" என்றேன். அதுதான் உண்மை.

"நான் விலகினா இவ என்ன ஆவா?"

"அடுத்த வருஷம் டாக்டராவேன்" என்றாள் கைலீன். குரலில் கெஞ்சல் இல்லை. "ஜெய்லின் இருமினா மருந்து எழுதிக் குடுப்பேன். ஏன் இருமுறான்னு கேக்க வேற யாராவது வருவாங்க."

"வேற யாராவதா?"

டெல்லா வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். அப்புறம் விலகல் தாளை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"கோர்ட்டுலேருந்து எவனோ ஒருத்தன் வந்து அளந்து, அவன் இஷ்டத்துக்கு ஒரு கதை எழுதுறதுக்கு முன்னாடி, என் மக அளந்தது இருக்கட்டும். போடு. ஆனா கீழ இதையும் எழுது. அடுப்ப மாத்திக் குடுங்கன்னு மூணு வருஷமா மனு போடுறேன். பதிலே இல்ல. அதுவும் கணக்குல வரணும்."

"வரும் சின்னம்மா. தேதியோட வரும்."

கையெழுத்துப் போட்டாள். கைலீனும் போட்டாள். தாள் என் பக்கம் வந்தது.

மணி நாலு நாற்பது. சாட்சியின் பகுதியில் ஒரே ஒரு கேள்வி: "சாட்சிக்கும், ஆய்வாளர் அல்லது பங்குபெறுவோருக்கும் உறவு உண்டா?" இருபத்திரண்டு வருஷமாக 'இல்லை' என்று பார்க்காமலே எழுதிய கை இது. எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சட்டப்படி அது பொய்யும் இல்லை. கைலீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்டு" என்று எழுதினேன். "ஒரு தங்கை. ஒரு மகள்."

டெல்லா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். கைலீன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பெரியம்மா! நல்லா இருக்கு போங்க. இப்ப யாரு கையெழுத்துப் போடுவா?"

என் கையெழுத்து செல்லாது. வெள்ளிக்கிழமை மாலை, கட்டிடத்தில் வேறு ஆள் இல்லை. மணி நாலு நாற்பத்தைந்து. வேண்டியது, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்த, ஆனால் எங்கள் யாருக்கும் உறவில்லாத ஒரு ஆள்.

நீங்கள் பார்த்தீர்கள். பெட்டிகளைத் திறந்தது உங்கள் முன்னால்தான். ஐந்து வீடும் மாற்றாமல் இருக்கின்றன, டெல்லாவின் மனுவும் இருக்கிறது. இதோ பேனா. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே அந்தக் கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று எழுதினால் கைலீனுக்கு அந்த வருஷம் கிடைத்துவிடும். முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.